பழைய பத்மினிக்கு உள்ளே புது நிறம்!

குர்லாவில் இருந்து நமது நிருபர்

"என்னடா இது? சேலை ஒட்டிக்கொண்டதே!"

மாட்டுங்காவில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாய், காரை விட்டு இறங்கும்போது மகனைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அவர் கட்டியிருந்த வெளிர் நீலச் சேலையின் ஓரம் முழுவதும் கறுப்புக் கறை. கார் கதவின் உட்புறத்தில் சேலை நூல் ஒட்டிக்கொண்டு நின்றது.

மகன் தலை குனிந்து நின்றார். கதவுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தவர் அவர்தான். அடித்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. பெயின்ட் காயவே இல்லை!

ஊருக்குப் போக ரெயிலில் இடம் கிடைக்குமா என்று கேட்க என்னை வரச் சொல்லியிருந்தார்கள். ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இப்படி அழைப்பு வருவது வழக்கம். போன இடத்தில் டிக்கெட்டை மறந்து, காரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரை.

ராணியின் பெயர் கொண்ட கார்

அது 1982-ம் ஆண்டு வாங்கிய பிரீமியர் பத்மினி கார்.

இந்தக் காரை மும்பை மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொழில் அதிபர் வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் நிறுவனம், நமது குர்லா தொழிற்சாலையில் தயாரித்த கார் இது. இத்தாலி நாட்டு பியட் 1100 காரின் அமைப்பைக் கொண்டது. 1964-ல் "பியட் 1100 டிலைட்" என்ற பெயரில் வந்தது. 1974-ல் "பிரீமியர் பத்மினி" ஆயிற்று. நம்மவர்கள் பலர் நடிகை பத்மினியின் பெயர் என்று நினைத்தார்கள். அல்ல! சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அது.

குர்லாவில் பிரீமியர் ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது. தொழிற்சாலை இல்லை. கறுப்பு-மஞ்சள் டாக்சியாக ஓடிய கடைசிப் பத்மினி, 2003 அக்டோபர் 29-ந்தேதி தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. மும்பையில் டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள். எனவே 2023 அக்டோபர் மாதக் கடைசியோடு பத்மினி டாக்சியின் காலம் முடிந்தது.

சொந்தக் காராக வைத்திருப்பவர்கள் சிலர் இன்னும் ஓட்டுகிறார்கள். 15 ஆண்டுக்குப் பிறகு, 5 ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறார்கள். மாட்டுங்கா குடும்பமும் அப்படித்தான்.

அந்த வீட்டுப் பெரியவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கராக இருந்தவர். அந்தக் காலத்தில் கார் வேண்டும் என்றால் கடைக்குப் போய் வாங்கி வர முடியாது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்து வாங்கியதால் கடைசி வரை தானே ஓட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் காலமானார்.

பேத்திக்குத் தை மாதம் கல்யாணம். தாத்தாவின் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று பெண் சொல்லிவிட்டாள். அப்பா காரைப் புதுசு போல ஆக்க வேண்டும் என்று மகன் இறங்கினார்.

எப்படி வந்தது வினை?

காரின் சீட்டுகளுக்கு 1998-ல் கறுப்பு ரெக்சின் போட்டிருந்தார்கள். ஆனால் கதவின் உட்புறம், காரோடு வந்த பழைய ரெக்சின்தான். "டோர் பேட்" என்று மிஸ்திரிகள் சொல்லும் பாகம் இது. ஒரு காலத்தில் மெரூன் நிறம். வெயில் பட்டு, வெளுத்துப்போன சிவப்பு மை போல ஆகிவிட்டது.

சீட்டு கறுப்பாக இருக்கிறதே, கதவையும் கறுப்பாக்கிவிட்டால் என்ன என்று மகன் நினைத்தார். ஹார்டுவேர் கடையில் கறுப்பு எனாமல் பெயின்ட் ஒரு டப்பா வாங்கினார். முன்பக்க இடது கதவை மட்டும் முதலில் அடித்துப் பார்த்தார்.

அன்று பார்க்க அழகாகத்தான் இருந்ததாம்! மறுநாள் தொட்டால் ஒட்டியது. ஒரு வாரம் கழித்தும் ஒட்டியது. ரெக்சினில் இருந்த தோல் போன்ற நுண்ணிய வரிகள் எல்லாம் பெயின்டுக்குள் மறைந்து, தார் பூசிய பலகை போல ஆகிவிட்டது.

"புது டோர் பேட் வாங்கிப் போடுங்களேன்" என்றேன்.

"விற்றால்தானே வாங்குவது? இந்தப் பாகத்தை இப்போது யாரும் செய்வதில்லை" என்றார்.

அண்ணாச்சியைத் தேடி

குர்லாவில் இருந்து காலினா பக்கம் போகும் சி.எஸ்.டி. ரோட்டில் பழைய கார்ச் சாமான் கடைகள் வரிசையாக இருப்பது நமது வாசகர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கார் சீட்டு தைக்கும் கடை வைத்திருக்கிறார். வயது 60-ஐத் தாண்டிவிட்டது. எல்லோரும் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"பேப்பரில் பேர் எல்லாம் போடாதீங்க தம்பி. வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் அவர் பெயரை எழுதவில்லை.

கதவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "எனாமலா?" என்றார். மகன் தலையை ஆட்டினார்.

"ரெக்சினுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்கு தம்பி. அதுதான் அதை வளைய வைக்குது. அந்த எண்ணெய் மேலே ஏறி பெயின்டுக்குள்ள போயிடும். அப்புறம் இந்தப் பெயின்ட் ஆயுசுக்கும் காயாது" என்றார்.

ரெக்சின் என்பது என்ன?

அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் செய்த ஒரு சரக்கின் பெயர். துணி மேல் ரசாயனப் பூச்சு ஏற்றி, தோல் போலத் தோன்றச் செய்தார்கள். இன்று நாம் ரெக்சின் என்று சொல்வது, துணி மேல் பி.வி.சி. பூசிய சரக்கு. வினைல் என்பதும் இதுதான். சென்னை மெயிலிலும் நாகர்கோவில் எக்ஸ்பிரசிலும் நாம் படுத்து வரும் நீல நிறப் படுக்கையும் இந்த வகைதான்.

பி.வி.சி. இயற்கையில் கெட்டியானது. தண்ணீர்க் குழாய் அதில்தான் செய்கிறார்கள். அதே பி.வி.சி. மெத்தென்று மடங்க வேண்டும் என்றால், எண்ணெய் போன்ற ஒரு ரசாயனத்தைக் கலக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் இந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கார் கண்ணாடியின் உட்புறம் புகை போலப் படிவதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெய் போன பிறகு ரெக்சின் காய்ந்து வெடிக்கும்.

அப்படியானால் ரெக்சினுக்கு நிறம் மாற்றவே முடியாதா?

முடியும்! அதற்கென்று தனிச் சாயம் இருக்கிறது. "வினைல் டை" என்று பெயர். சாயம் என்று சொன்னாலும், வேட்டிக்கும் சேலைக்கும் ஏற்றும் சாயம் போல நூலுக்குள் ஊறுவது அல்ல. மிக மெல்லிய, மடங்கக்கூடிய பூச்சு. அதில் உள்ள காரமான திரவம் ரெக்சினின் மேல்தோலைச் சற்றே இளக்கும். இளகிய இடத்தில் நிறம் பிடித்துக்கொள்ளும். திரவம் ஆவியாகிப் போனதும் இரண்டும் ஒன்றாகிவிடும். பூச்சு மெல்லியது என்பதால் ரெக்சினின் வரிகள் மறையாது.

முக்கால் வேலை கழுவுவதுதான்

"அப்படியானால் நாளைக்கே அடித்துத் தாருங்கள் அண்ணாச்சி" என்றார் மகன்.

அண்ணாச்சி வானத்தைக் காட்டினார். ஜூன் மாதம். மழை தொடங்கிவிட்டது.

"தீபாவளி முடிந்து வாங்க. அதுவரைக்கும் நான் கழுவிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

காரணம் இருக்கிறது. சாயத்தின் திரவம் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து, நிறத்தின் மேல் வெள்ளைப் படலம் விழும். மும்பை மழைக்காலத்தில் இது கட்டாயம் நடக்கும்.

நான்கு டோர் பேடுகளையும் கழற்றினார்கள். அந்தக் காரில் ரெக்சினுக்குப் பின்னால் இருந்தது ஹார்டுபோர்டு அட்டை. தண்ணீரில் முக்கினால் ஊறி வீங்கிவிடும். எனவே ஈரத் துணியாலும் மெல்லிய பிரஷ்சாலும்தான் வேலை.

எனாமல் அடித்த பேடுக்கு மட்டும் பல நாள் பிடித்தது. தின்னரைக் கொட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் பெயின்ட் போயிருக்கும், கூடவே ரெக்சினும் போயிருக்கும்! அண்ணாச்சி டர்பன்டைனைத் துணியில் தொட்டுக் கை அகல இடத்தில் வைப்பார். பெயின்ட் இளகியதும் துடைப்பார். உடனே சோப்புத் தண்ணீரால் கழுவுவார். பிறகு அடுத்த கை அகலம். மாலையில் மற்ற வேலை முடிந்த பிறகு தினமும் இதே வேலை.

"நிறம் நிற்கிறது மேலே அடிக்கிற சாயத்தால இல்லை தம்பி. கீழே இருக்கிற சுத்தத்தால" என்றார்.

அதிலும் பெரிய எதிரி, கார் பளபளக்க உள்ளே பூசும் பாலிஷ்! அதில் சிலிக்கோன் இருந்தால், அந்த இடத்தில் சாயம் ஒட்டாமல் மீன் கண் போல வட்டம் வட்டமாக விலகி நிற்கும்.

சாம்பல் கிண்ணத்தின் அடியில்

எத்தனை துடைத்தும், இடது பேடின் வரிகளுக்குள் கறுப்பு கொஞ்சம் தங்கிவிட்டது.

இனி என்ன நிறம் அடிப்பது? மகன் மறுபடியும் கறுப்பு என்றார். தாயார், வாங்கியபோது இருந்த நிறமே வேண்டும் என்றார்.

அந்த நிறம் என்ன என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அண்ணாச்சி பின்கதவுப் பேடில் இருந்த சாம்பல் கிண்ணத்தைக் கழற்றினார். அதன் அடியில் தீப்பெட்டி அளவு இடத்தில், வெயிலே படாத பழைய மெரூன் நிறம் அப்படியே இருந்தது!

தாயார் அதைப் பார்த்தார். "இதுதான்" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

கறுப்புத் தங்கிய இடத்தில் வெளிர் நிறம் அடித்தால், தேயும்போது கறுப்பு எட்டிப் பார்க்கும். எனவே அந்த மெரூனை விட ஒரு படி அடர்த்தியான மெரூன் என்று முடிவாயிற்று.

"சீட்டையும் மெரூனாக்கிவிடலாமா?" என்று மகன் கேட்டார்.

அண்ணாச்சி மறுத்துவிட்டார். சீட்டு தினமும் மடங்கும், உரசும். கறுப்பின் மேல் மெரூன் அடித்தால் சில மாதத்திலேயே ஓரம் தேயும். சீட்டுக்கு நிறம் மாற வேண்டும் என்றால் புது ரெக்சின் தைப்பதுதான் முறை என்றார். வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லும் தொழிலாளியை அன்றுதான் பார்த்தேன்.

ஊதுபத்தி ஏற்றாத நாள்

தீபாவளி முடிந்து நல்ல வெயில் நாள் ஒன்றில் சாயம் அடித்தார். எனக்கு அன்று ஓய்வு நாள். பார்க்கப் போயிருந்தேன்.

கடையில் சாமி படத்துக்கு முன் ஊதுபத்தி இல்லை. சாயத்தின் ஆவி தீப்பிடிக்கும் என்பதால், அடிக்கும் நாளில் சாயங்காலம் வரை ஏற்றுவது இல்லையாம். முகத்தில் கரி வடிகட்டி உள்ள முகமூடி. துணியைக் கட்டிக்கொண்டால் தூசிதான் நிற்கும், ஆவி நிற்காது.

சாம்பல் நிற நாரால் ரெக்சினை லேசாக உரசினார். ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தார். பிறகு விரலால் தொடவே இல்லை. பேடின் மடிப்பு ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில் கொஞ்சம் அடித்துக் காய வைத்து, அதன் மேல் டேப் ஒட்டி வெடுக்கென்று பிய்த்தார். டேப்பில் நிறம் வரவில்லை. அதன் பிறகுதான் வேலை தொடங்கியது.

ஸ்பிரே கன்னை ஒரு சாண் தூரத்துக்குச் சற்று அதிகமாகப் பிடித்தார். முதல் கோட் பனி விழுந்தது போல. பழைய நிறம் பாதி தெரிந்தது. எனக்குப் பொறுமை இல்லை. "இன்னும் கொஞ்சம் அடிக்கலாமே" என்றேன்.

"ஒரே தடவையில மூடினா வழியும், வரியும் மூடிப்போகும்" என்றார்.

பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி விட்டு, நாலு கோட். மறுநாள் வரை யாரையும் தொடவிடவில்லை.

நீங்களே செய்ய நினைத்தால்...

சிறு பாகங்களை வீட்டிலேயே செய்யலாம். சாயம் ஸ்பிரே டப்பாவாகவும் கிடைக்கிறது. அண்ணாச்சி சொன்ன எச்சரிக்கைகள் இவை:

வெடித்த ரெக்சினைச் சாயம் ஒட்ட வைக்காது. வெடிப்பு முதலில் சரியாக வேண்டும், அல்லது ரெக்சினை மாற்ற வேண்டும்.

வெளிர் நிறத்தை அடர் நிறமாக்குவது எளிது. அடர் நிறத்தை வெளிர் நிறமாக்குவது கடினம்.

டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்கு வெளிர் நிறமோ, பளபளப்போ வேண்டாம். கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் கண்ணை மறைக்கும்.

கெட்டி பிளாஸ்டிக் பாகத்துக்கு, நிறம் பிடிப்பதற்கான தனிப் பூச்சு ஒன்றை முதலில் அடிக்க வேண்டும்.

ஸ்டீரிங்குக்கும் பெடலுக்கும் அடிக்காதீர்கள். வழுக்கும், சீக்கிரம் தேயும். சீட் பெல்ட் மேல் சாயம் படவே கூடாது. பெல்ட்டின் நூல் பலம் இழந்தால் உயிருக்கு ஆபத்து.

மூடிய அறையில் அடிக்க வேண்டாம். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

இன்னொன்று. காரின் வெளி நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி, ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். அதில் குறித்திருப்பது வெளி நிறம்தான், கதவு ரெக்சினின் நிறம் அல்ல.

முழங்கை பட்ட இடம்

பேடுகளை மாட்டிய அன்று தாயாரும் வந்திருந்தார். இடது கதவில் எனாமல் அடித்த சுவடே இல்லை. வரிகள் எல்லாம் மீண்டும் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்தார். ஒட்டவில்லை. சிரித்தார்.

ஆனால் ஓட்டுபவர் பக்கத்துக் கதவில் ஓர் இடம் மட்டும் வித்தியாசமாக இருந்தது. ஜன்னலுக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு, ரெக்சின் வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நிறம் ஒன்றுதான். ஆனால் அந்த இடத்தில் வெளிச்சம் வேறு மாதிரி பட்டது.

"அண்ணாச்சி, இது மட்டும் ஏன் இப்படி?" என்று மகன் கேட்டார்.

"தேய்ந்த வரியைச் சாயம் கொண்டுவராது தம்பி. உள்ளதை உள்ளபடி காட்டும். பட்டி போட்டு, வரி அச்சு எடுத்துச் சரி பண்ணலாம். இன்னும் ரெண்டு நாள் ஆகும்" என்றார் அண்ணாச்சி.

மகன் சரி என்று சொல்ல வாயெடுத்தார். தாயார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்கப்பா முழங்கை வைக்கிற இடம்டா அது" என்றார்.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் கருவிகளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

ஒரு காலத்தில் அவர் கடை வாசலில் டாக்சிகள் வரிசையில் நிற்குமாம். சீட்டு கிழிந்து வரும் பத்மினிகளால் பிழைத்த தொழில் அது. இப்போதைய கார்களுக்கு அளவு எடுத்துத் தைத்த உறை ஆயத்தமாகவே கிடைக்கிறது. "என் பையன் இந்த வேலைக்கு வரலை. வரவும் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன்" என்றார். வருத்தத்தோடு சொன்னாரா, திருப்தியோடு சொன்னாரா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய கார் ஒன்று நிற்கலாம். கதவு வெளுத்துவிட்டது, சாமான் கிடைக்கவில்லை என்று பழைய இரும்புக் கடைக்குத் தள்ளுவதற்கு முன், சாம்பல் கிண்ணத்தைக் கழற்றி அடியில் பாருங்கள்.

தை மாதம் அந்தக் கார் கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு மாட்டுங்காவில் இருந்து செம்பூர் மண்டபம் வரை நின்றுபோகாமல் ஓடியது. பின்சீட்டில் பெண்ணும் பாட்டியும். ஓட்டியவர் மகன். அவருடைய வலது முழங்கை, ஜன்னலுக்குக் கீழே அந்த வழவழப்பான இடத்தில் இருந்தது.